இடது பின்கதவு

பழைய காரை விற்கப் போகிறோம், அங்கங்கே கீறல் இருக்கிறது, பெயின்ட் அடித்துவிட்டு விற்கலாமா அப்படியே விற்கலாமா என்று யாரும் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். எனக்குக் கோபம் வந்துவிடும். கேட்டவர் மேல் வராது, என் வீட்டுக்காரர் மேல்தான் வரும். ஆனால் எதிரே நிற்பவர் கேட்டவர் என்பதால் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவராகத்தான் இருக்கும்.

கார் என் பெயரில் வாங்கியது. சில்வர் நிறம், சின்ன வண்டி. பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். நெய்வேலியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசி இரண்டு மைல் நடந்து, முதல் மணி அடிக்கும்போது வியர்வையோடு வகுப்புக்குள் நுழைந்த வருடங்கள் போதும் என்று நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் பிளாக்கில் அந்த வயதில் ஸ்டீயரிங் பிடித்த முதல் பெண் நான்தான். சாயங்காலம் மைதானத்தில் நான் வட்டமடித்துப் பழகுவதைப் பார்க்கவே சைக்கிளை நிறுத்திவிட்டு ஆட்கள் நின்றார்கள். சர்க்கஸ் பார்க்கிற மாதிரிதான்.

கீறல்கள் விழாமல் இருக்குமா? பள்ளிக்கூடத்துக் கேட்டில் உரசிய பம்பர் ஒன்று. பலாப்பழம் ஏற்றிய ஆட்டோ ஒன்று பண்ருட்டி மார்க்கெட் சந்தில் வலது பக்கத்தில் நீளமாகக் கோடு போட்டது. பானட்டின் மேல் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் கூழாங்கல்லால் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதியிருந்தான். அவனை அடிக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை, எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. எல்லாம் தோலில் விழுந்த கீறல்கள். ஒன்றுகூட உள்ளே இறங்கியதில்லை.

என் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் பெர்மனென்ட். ஷிப்டுக்கு மோட்டார் பைக்கில்தான் போவார். லைசென்ஸ் உண்டு, காரை எப்போதாவதுதான் தொடுவார். ஆனால் அந்தக் கீறல்களைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அவர் சலித்ததே இல்லை. "பொம்பள ஓட்டற வண்டின்னு எழுதி ஒட்டவே வேணாம். பாத்தாலே தெரியும்." கல்யாண வீட்டில் சொல்வார், கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது சொல்வார், என் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரிடமே சொன்னார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். வருடக்கணக்கில் சிரித்தேன்.

அவருக்குப் பெயின்ட் மேல் ஒரு தனி நம்பிக்கை உண்டு. அதை அவருடைய தப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த எல்லாருக்கும் அது ரத்தத்தில் இருக்கிறது. பெரிய அதிகாரி யாராவது வருகிறார் என்றால் முதல் நாளே பிளாட்பாரக் கல்லுக்கெல்லாம் கறுப்பு வெள்ளை, மரத்துக்கெல்லாம் இடுப்பளவு காவி. பள்ளம் அப்படியே இருக்கும், பள்ளத்தின் ஓரத்துக் கல் பளபளக்கும். வருகிறவர் காரில் போய்விடுவார். இவரும் முப்பது வருடம் அதைப் பார்த்தே பழகியவர். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுவார். வந்தவர்கள் ஈர வாசனையில் தும்மிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் அவரும் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூரில் மகனோடு போய் இருப்பது என்று முடிவானது. அங்கே அடுக்குமாடியில் ஒரு வண்டிக்குத்தான் இடம், அதில் மகன் கார் நிற்கிறது. என் காரை விற்றுத்தான் ஆக வேண்டும்.

வாங்க வந்தது ஒரு பெண். முத்தாண்டிக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். அவளுடைய மூத்த மகள் என்னிடம் படித்தவள், அப்படிப் பழக்கம். அவளுடைய அப்பா அம்மா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான், சொந்தமாக ஒரு காணி கிடையாது. இவள் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைத்தாள்; அந்த எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, இப்போது கார் வாங்கி வாடகை போர்டு மாற்றி, தன் தெருப் பிள்ளைகளை நகரியத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்து விடப்போகிறாள். ஆறு வீட்டில் பேசி வைத்திருந்தாள். ஆம்பிளை ஆட்டோக்காரர்களோடு பெண்பிள்ளைகளை அனுப்பப் பயந்த அம்மாக்கள், நீ ஓட்டினால் அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது நானே அவளைக் கைப்பிடித்து வண்டியைச் சுற்றி அழைத்துப்போய் ஒவ்வொரு கீறலையும் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னேன். அவள் பானட்டில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"நானும் இப்படித்தான் டீச்சர் இடிப்பன். இது ஏற்கனவே கீறுன வண்டின்னா பயம் இல்லாம ஓட்டலாம்."

இடது பக்கப் பின்கதவுக்கு வந்ததும் குனிந்தாள். கதவின் கீழ்ப்பாதியில் மெல்லிசாக முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தது. "இது என்னா டீச்சர், கோடு கோடா கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். "வெயிலும்மா. ஷெட் இல்லாம வெளியிலயே நிக்குது இல்ல, அதான் பெயின்ட் வெடிச்சிருக்கு." எனக்கும் பல முறை அப்படித்தான் சொல்லியிருந்தார். அவருக்கு வண்டி சமாச்சாரம் தெரியும் என்று நானும் நம்பியிருந்தேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "அடி கிடி எதுவும் பட்டதில்லயே டீச்சர்? பின்னாடி புள்ளைங்கதான் குந்தப் போவுது. அதான் கேக்கறன்" என்றாள்.

"மாதா மேல சத்தியமா சொல்றேம்மா, இந்த வண்டி எங்கயும் அடிபட்டதில்ல" என்றேன். ஆணையிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. வகுப்பில் பிள்ளைகள் சத்தியம் பண்ணினால் காதைத் திருகுகிறவள் நான். ஆனால் அவள் கேட்ட விதத்துக்கு அப்படித்தான் பதில் சொல்லத் தோன்றியது. அது போதும் அவளுக்கு. அடுத்த ஞாயிறு அண்ணனோடு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன சாயங்காலமே இவர் ஆரம்பித்துவிட்டார். "இப்படியேவா குடுப்ப? ஒரு கோட்டிங் அடிச்சிக் குடுத்தா நமக்குத்தான மரியாதை?"

"அவதான் பாத்துட்டாளே. பாத்து, பிடிச்சு, சரின்னு சொல்லிட்டுப் போயிருக்கா. இப்ப போய் அடிச்சா எதையோ மறைக்கறாங்கன்னு நெனைக்க மாட்டா?"

"எதை மறைக்கறாங்க? பளிச்சுனு இருந்தா எவ வேணாம்னு சொல்லுவா?"

மூன்று நாள் இதே பேச்சு. சோறு போடும்போது பெயின்ட், செய்தி பார்க்கும்போது பெயின்ட். என் வண்டி, என் கீறல், நான் விற்கிறேன், ஒரு சொட்டு பெயின்ட் அதன் மேல் விழக்கூடாது என்று கத்திவிட்டு, அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்துக்காக விழுப்புரம் போனேன். சாவியை மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போனது என் புத்திகெட்டதனம்.

சனிக்கிழமை திரும்பி வந்தேன். கேட்டுக்குள் புதுப் பெண் மாதிரி என் கார் நின்றது. பம்பர் கீறல் இல்லை, பலாப்பழ ஆட்டோ போட்ட கோடு இல்லை, பானட்டில் என் பிள்ளை எழுதிய எழுத்து இல்லை. கதவுகளில் ஒரு சில்வர், கூரையில் வேறு சில்வர். யார் வேலை என்று கேட்டேன். கம்பி வேலிக்கும் கேட்டுக்கும் பெயின்ட் அடிக்கிற கான்ட்ராக்ட் ஆள் ஒருவரைப் பிடித்து, குவார்ட்டர்ஸ் கொல்லையில் வைத்து, திறந்த வெளியிலேயே அடித்திருக்கிறார்கள். அன்று அனல்மின் நிலையச் சாம்பலோடு காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. நெய்வேலியில் காற்று திரும்பினால் கொடியில் காயும் வேட்டியையே உள்ளே எடுப்போம், இந்தப் புத்திசாலிகள் ஈரப் பெயின்ட்டை வெளியே விட்டிருக்கிறார்கள். விரலால் தடவினால் ரவை மாதிரி தூசி நெருடியது.

நான் பேசிய பேச்சு பக்கத்துக் குவார்ட்டர்ஸில் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்கும் அளவுக்கு இருந்தது. அவர் மட்டும் துண்டால் பானட்டைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு அந்தப் பொண்ணே சந்தோஷப்படும் பாரு" என்றார்.

மறுநாள் அவள் அண்ணனோடு வந்தாள். அவன் மெக்கானிக். கையில் பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்று, அதைச் சுற்றித் துணி. வண்டியின் மேல் அங்கங்கே வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். பானட்டில் ஒட்டியது. முன்கதவில் ஒட்டியது. வலது பக்கம் முழுக்க ஒட்டியது. இடது பின்கதவின் கீழ்ப்பாதியில் வைத்தான். காந்தம் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் விழுந்தது. விரல் முட்டியால் தட்டினான். மற்ற இடத்தில் தகரச் சத்தம் வந்தது, அங்கே மரப்பலகையைத் தட்டுகிற சத்தம்.

"வண்டி அடிபட்ட வண்டி" என்றான் தங்கையிடம். "தகடு உள்ள போயிருக்கு. பள்ளத்துல பட்டி மாவு வச்சி ரொப்பியிருக்காங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னப்பா பேசற? வெடிப்புக்கு வச்ச பட்டி அது. போன வாரம் உன் தங்கச்சியே பாத்தா."

"வெடிப்புக்கு இத்தினி பட்டி வைக்க மாட்டாங்க டீச்சர்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். பிறகு தங்கையிடம், "டவுன்ஷிப்காரங்ககிட்ட பாத்து வாங்குன்னு சொல்லிக்கினே இருந்தேன் இல்ல" என்றான்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பெயின்ட் அடிச்சது கூட பரவால்ல டீச்சர். சத்தியம் பண்ணீங்களே." அண்ணன் பைக்கில் ஏறிப் போய்விட்டாள்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவளுக்கு, தன் மாணவியின் அம்மா முகத்தில் அந்தப் பார்வை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை, அவருக்கும் போடவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் ஹார்டுவேர் கடை திறக்கும் வரை காத்திருந்து, உப்புத்தாள் ஆறும் சுரண்டுகிற தகடு ஒன்றும் வாங்கி வந்தேன். என் கணக்கு எளிது. கதவில் இருக்கிற புதுப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தால் கீழே பழைய பெயின்ட்டின் வெடிப்புதான் இருக்கும். அதைப் போட்டோ பிடித்து, வண்டியையும் அப்படியே ஓட்டிக்கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தி, பாரம்மா, என் சத்தியம் பொய்யில்லை என்று காட்டிவிடலாம்.

நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். அவர் வெளியே வந்தார். "என்ன பண்ற? பைத்தியமா உனக்கு?" நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "வுடு, வேற யாராவது வாங்குவாங்க. சொன்னா கேளு, அந்தக் கதவை வுடு." அந்தக் கதவை விடு என்று அவர் குறிப்பாகச் சொன்னது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

புதுப் பெயின்ட் போனது. அதற்குக் கீழே வெள்ளைப் பட்டி, மெல்லிசுதான், அதுவும் போனது. அடியில் பழைய சில்வர் வந்தது, வெடிப்புகளோடு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெடிப்பின் ஓரத்தில் தகடு பட்டதும் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழுப்பாக வேறொரு பட்டி. பழையது, இறுகிப்போனது. தகட்டைக் கொடுத்து நெம்பினேன். பிஸ்கட் பிஸ்கட்டாக உதிர்ந்தது. என் சுண்டுவிரல் கனம் இருந்தது. அதற்கும் கீழே இரும்பு, சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தியும் நிமிராமல் விட்ட இரும்பு, கிண்ணம் மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. கதவைத் திறந்து கீழ்ச்சட்டத்தைப் பார்த்தேன். அதுவும் வளைந்து, மேலே எதையோ பூசி மூடியிருந்தது.

நான் இடிக்கவில்லை. இந்த வண்டி புதிதாக ஷோரூமில் இருந்து என் கைக்கு வந்தது. என்னைத் தவிர ஓட்டியவர் ஒரே ஒருவர்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப?" என்றேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேனே, அப்போது. கூட வேலை பார்த்தவருடைய ரிட்டயர்மென்ட் விருந்துக்கு என் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். குடித்திருக்கிறார். திரும்பும்போது மதகுக் கட்டையில் பக்கவாட்டாக மோதியிருக்கிறார். நல்லவேளை, வேறு யார் மேலும் இல்லை. விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்துத் தட்டி, பூசி, பெயின்ட் அடித்து, நான் டிஸ்சார்ஜ் ஆகி வரும் நாளன்று பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார். "ஒனக்காக சர்வீஸ் விட்டு, பாலிஷ் போட்டு வச்சிருக்கேன்" என்றார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"உன் உடம்பு அப்ப இருந்த நிலைமையில சொல்ல வேணாம்னு பாத்தேன்" என்றார்.

"ஏழு வருஷமாவா என் உடம்பு அப்படி இருந்தது?"

அந்த ஏழு வருடமும் கல்யாண வீட்டில், கோயில் வாசலில், ஹெட்மாஸ்டர் முன்னால் என் கீறல்களை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தவர். தன் பள்ளத்தைப் பட்டி போட்டு மூடிவிட்டு என் கோட்டைக் காட்டிச் சிரித்திருக்கிறார். வெடிப்பு தெரிய ஆரம்பித்ததும் வெயில் மேல் பழி. அந்தப் பெண் அதைக் குனிந்து பார்த்ததும் அவசர அவசரமாகப் பெயின்ட். மரியாதையாம், மரியாதை!

"சட்டையைப் போடுங்க" என்றேன். "எங்க?" என்றார். "வண்டியில ஏறுங்க."

அந்தக் கதவு வெள்ளையும் பழுப்பும் இரும்புமாக இளித்துக்கொண்டிருக்க, முத்தாண்டிக்குப்பம் வழியாக அவள் ஊருக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவர் ஒரு முறை இருமினார், அவ்வளவுதான்.

அவள் வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "நான் பண்ண சத்தியம் பொய்ம்மா. உங்கண்ணன் சொன்னதுதான் சரி. எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். இடிச்சது இவரு. இவரு வாயாலயே சொல்லட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

அவர் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, குடித்ததை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னார். அதையும் சொல்லுங்க என்றேன். சொன்னார்.

அவள் போய் அந்தக் கதவைப் பார்த்தாள். உள்வாங்கிய இடத்தில் கறுத்த விரல்களை வைத்து அழுத்தினாள். கதவைத் திறந்து பின்சீட்டைப் பார்த்தாள். திரும்பி என்னிடம், "உங்க மேல ஒண்ணும் இல்ல டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சதத்தான் சொன்னீங்க" என்றாள்.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். மரியாதை குறையாமல்தான் கேட்டாள்.

"சார், புள்ளைங்க இங்கதான் குந்தப் போவுதுன்னு நான் சொன்னப்ப நீங்க டீ குடிச்சிக்கினு கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா... நல்லா தட்டித்தான்..."

"கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

அதுவரை எனக்கு இருந்த கோபமெல்லாம் என்னைப் பற்றிய கோபம். என்னைக் கேலி செய்தார், என்னை ஏமாற்றினார், என் வாயால் பொய் சத்தியம் சொல்ல வைத்தார். அவள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குப் பதில் சொல்லும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வீட்டுப் பிள்ளைகளில் இரண்டோ மூன்றோ தினமும் அந்த உள்வாங்கிய இரும்பில் சாய்ந்து உட்காரும் என்று தெரிந்துதான் கொல்லையில் டப்பாவைத் திறந்திருக்கிறார். தெரியாமல் செய்ததில்லை. மறந்து செய்ததில்லை.

அவள் வண்டி வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். காபி போடட்டுமா என்று கேட்டாள். அந்த வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்க எனக்கு முகம் இல்லை.

திரும்பும்போது முத்தாண்டிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் வண்டியை ஓரம் கட்டினேன். நல்ல உச்சி வெயில். "இறங்குங்க" என்றேன்.

"ஏன்?" என்றார்.

"பின்சீட்டுல போய் உக்காருங்க. அந்தக் கதவு பக்கம்."

அவர் இறங்கினார். ஓரெட்டு பின்னால் வந்து இடது பின்கதவின் பிடியில் கை வைத்தார். நெளிந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு, "நான் பஸ்ல வந்துடறேன்" என்றார்.